அடாப்டர் போட்டும் ஏன் கருகியது?

[காட்சி: காரைக்குடியில் ஒரு வீட்டு வளவு. ஆத்தங்குடிக் கல் தரையில் கருகிய ஹேர் டிரையர்.]

இது எங்கள் ஆச்சி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. ஆச்சி என்றால் பாட்டி இல்லை, அக்காள். நகரத்தார் வீட்டுப் பேச்சு அப்படி. போன பங்குனியில் தலை காயவைக்கச் சொருகினார். உள்ளே கம்பி செக்கச்செவேலென்று பழுத்தது, 'பட்' என்று ஒரு சத்தம், அப்புறம் வளவு முழுக்கப் பொசுங்கல் நாற்றம். "அடாப்டர் போட்டுத்தானே தம்பி சொருகினேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

போட்டார்தான். ஆனால் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அமெரிக்காவில் 120 வோல்ட், நம் வீட்டில் 230. வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் சூட்டுக் கம்பி இழுக்கும் வாட் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். கம்பி என்ன செய்யும் பாவம்!

[காட்சி: போன் சார்ஜரின் பொடி எழுத்து, மிக அருகில்.]

இதில் '100–240' என்று போட்டிருக்கிறது பாருங்கள். இப்படி இருந்தால் கவலையில்லை, எந்த நாட்டிலும் அடாப்டர் மட்டும் போதும். லேப்டாப் சார்ஜரும் பெரும்பாலும் இதே ரகம்தான்.

[காட்சி: மிக்ஸியைக் கவிழ்த்துக் காட்டுகிறோம்.]

இதில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்சாரம் கிட்டத்தட்ட நம்முடையதுதான், அதனால் மிக்ஸி நன்றாகவே ஓடும். பிளக்தான் வேறு: மூன்று தட்டைப் பின். அங்கே சாக்கெட்டுக்குள் ஒரு மூடி உண்டு. மேலே உள்ள நீளமான எர்த் பின் போனால்தான் கீழ் ஓட்டைகள் திறக்கும். பேனாவை விட்டு நெம்பித் திறக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் சாமி.

[காட்சி: இரண்டு அடாப்டர்கள். ஒன்றில் எர்த் பின் பிளாஸ்டிக்.]

இந்தப் பிளாஸ்டிக் பின் மூடியைத் திறக்கும், ஆனால் எர்த் கிடைக்காது. போனுக்குப் பரவாயில்லை. இஸ்திரிப் பெட்டியை இதில் மாட்டவே கூடாது. அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்றும் பாருங்கள். 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1380 வாட்தான் தாங்கும். 1500 வாட் கெட்டில் அதற்கு அதிகம்.

சரி, அமெரிக்காவுக்கு மிக்ஸி? நம் மிக்ஸி அங்கே முனகும், தேங்காய் அரைபடாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் அதைத் தூக்கிப்போவதற்கு அம்மியையே தூக்கிப்போகலாம். நம் ஊர்க் கடைகளிலேயே 110 வோல்ட் மிக்ஸி விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

பெட்டியில் கட்டும் முன் இங்கேயே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஓட்டிவிடாதீர்கள், அதுவும் இந்த டிரையர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.