கெர்சொப்பா கப்பலின் கடைசிப் பயணம்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளுக்கு இரையான எண்ணற்ற சரக்குக் கப்பல்களுள், எஸ்.எஸ். கெர்சொப்பா என்ற ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். ஜோக் என்று நாம் அறிந்த அருவியின் இன்னொரு பெயரைத் தாங்கிய கப்பல் அது.

1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து தேயிலை, இரும்புப் பாளங்கள், வெள்ளிக் கட்டிகள், தபால் மூட்டைகள் ஆகியவற்றுடன் கிளம்பிய அக்கப்பல், மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் எஸ்.எல். 64 என்ற கப்பல் அணியோடு சேர்ந்து பிரிட்டனை நோக்கிச் சென்றது. வழியில் கடுமையான புயல். அணியின் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கொதிகலனில் நிலக்கரியை அள்ளிப்போட்டால் கரை சேரும்வரை கையிருப்பு தாங்காது என்ற நிலையில், பிப்ரவரி நடுவில் மாலுமித் தலைவர் அணியை விட்டு விலகி, வேகத்தைக் குறைத்து, அயர்லாந்தின் கால்வே துறைமுகத்துக்குத் திருப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுக்கடலில் எரிபொருள் தீர்ந்து நின்றாலும் அதே கதிதான். தனித்துப்போன கப்பலை ஜெர்மானிய விமானம் ஒன்று கண்டுகொண்டது. 1941 பிப்ரவரி 17 நள்ளிரவு வாக்கில் யு-101 நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்க, கப்பல் மூழ்கியது.

இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸின் பொறுப்பில் ஒரு படகு மட்டும் தப்பியது. அதில் இருந்த சுமார் 30 பேரில் பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள். குளிரும் தாகமும் ஒவ்வொருவராகக் கொண்டுபோக, பதின்மூன்றாம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை நெருங்கிய படகை அலை கவிழ்த்தது. கரையில் இருந்த பள்ளிச் சிறுமிகள் கண்டு கூக்குரலிட, அயர்ஸ் ஒருவர்தான் உயிரோடு மீட்கப்பட்டார். கப்பலில் இருந்த 86 பேரில் மிஞ்சியவரும் அவர் மட்டுமே.

2011இல் சுமார் 4,700 மீட்டர் ஆழத்தில் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 110 டன் வெள்ளி மேலே வந்தது. செய்திகளெல்லாம் வெள்ளியைத்தான் கொண்டாடின. என்னை வியக்கவைத்தவை அதோடு கிடைத்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள். வெளிச்சம் எட்டாத ஆழத்தில், சரக்கின் அடியில் காற்றுப் புகாதபடி நெருங்கி அழுந்திக் கிடந்ததால், எழுபது ஆண்டுகள் கடல்நீரில் இருந்தும் அந்தக் காகிதம் கரையவில்லை. பக்குவப்படுத்திய பிறகு, பலவற்றின் எழுத்தை இன்று வாசிக்கவே முடிகிறது. அவற்றுள் சிலவற்றை 2018இல் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது.