வான் டைக் எல்லாரும் ஒரே குடும்பமா?

சரி, அடுத்த கேள்வி. "கால்பந்து வீரர் விர்ஜில் வான் டைக், ஓவியர் ஆண்டனி வான் டைக், அமெரிக்க நடிகர் டிக் வான் டைக் மூவரும் ஒரே பரம்பரையா சார்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. டச்சு மொழியில் 'டைக்' என்றால் வெள்ளம் உள்ளே வராமல் இருக்க மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை. முன்னால் வரும் 'வான்' ஊரையோ இடத்தையோ காட்டும் சொல். ஆக, வான் டைக் என்றால் 'கரையோரத்து ஆள்', அவ்வளவுதான். நெதர்லாந்தில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே கரைக்கா பஞ்சம்? ஓர் ஊரில் 'யான்' என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தால், கரைமேல் வீடு கட்டியவர் 'கரைக்கார யான்' ஆகிவிடுவார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல ஊர்களில் இது தனித்தனியாக நடந்தது. அதனால்தான் இன்றும் அங்கே அதிகம் புழங்கும் குடும்பப் பெயர்களில் இதுவும் ஒன்று.

ஜெர்மன்காரர்களின் 'ஃபான்' மாதிரி இது பிரபு குலத்து அடையாளமும் இல்லை. சாதாரணக் குடியானவர் பெயர்.

நெப்போலியன் 1811-இல் ஆணை போட்டபோதுதான் டச்சுக்காரர்களுக்குக் குடும்பப் பெயரே வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. பாதிதான் உண்மை. ஃபிரீஸ்லாந்து போன்ற பகுதிகளில் அப்பா பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்போது பதிவு செய்தார்கள். ஆனால் நம் ஓவியரைப் பாருங்கள்: 1599-இல், இன்று பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப்பில், இந்தப் பெயருள்ள வீட்டில்தான் பிறந்தார். லண்டனுக்குப் போய் அரசர் முதலாம் சார்லஸின் ஓவியரானார். அவர் படங்களில் வரும் கூரான குறுந்தாடிக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'வான்டைக்' என்றுதான் பேர். கரை தாடியாகிவிட்டது!

அப்புறம், கப்பலேறிய இடமெல்லாம் எழுத்து மாறியது. டச்சில் ஐ, ஜே என்று இரண்டு எழுத்து சேர்த்து எழுதுவதை தென்னாப்பிரிக்காவில் ஒற்றை 'ஒய்' ஆக்கினார்கள். அமெரிக்காவில் அதோடு கடைசியில் ஒரு 'ஈ'யும் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு வேடிக்கை. நெதர்லாந்தில் அகரவரிசைப் பட்டியலில் இந்தப் பெயரை 'டி' வரிசையில் தேட வேண்டும், 'வான்' கணக்கில் வராது. எல்லை தாண்டி பெல்ஜியம் போனால் 'வி' வரிசையில்தான் கிடைக்கும்.