மண்ணைப் படிக்க வந்தவர்கள் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

வணக்கம் தம்பிகளா, தங்கச்சிகளா. இந்த மேசையில் மூன்று தட்டு வைத்திருக்கிறேன், பாருங்கள். முதல் தட்டில் வைகை மணல். இரண்டாவதில் மேலூர்ப் பக்கத்துச் செம்மண். மூன்றாவதில் திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் எடுத்த கரிசல். மூன்றும் மதுரையிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய் எடுத்து வரக்கூடிய மண்தான். ஆனால் ஒரே பிளானில் மூன்று வீடு கட்டி, இந்த மூன்று மண்ணின் மேலும் நிறுத்தினால், மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

சாயில் மெக்கானிக்ஸ், அதாவது மண் இயக்கவியல் பேப்பர் வந்துவிட்டது, ஃபார்முலா குவிந்து கிடக்கிறது, எங்கே தொடங்குவது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நான் சொல்வது ஒன்றுதான். எந்த ஃபார்முலாவைப் பார்த்தாலும், இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் பாதி பாடம் தானாகப் பிடிபடும்.

மண் என்பது மூன்று பொருள் சேர்ந்தது: துகள், தண்ணீர், காற்று. துகளுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடத்தைத் துகளின் கன அளவால் வகுத்தால் வாய்ட் ரேஷியோ. அந்த வெற்றிடத்தில் எவ்வளவு பங்கு தண்ணீர் நிற்கிறது என்பது சாச்சுரேஷன். துகளின் எடைக்குத் தண்ணீரின் எடை எத்தனை சதவீதம் என்பது ஈரப்பதம். இந்த மூன்றையும் கட்டிப்போடுகிற சமன்பாடு Se = wG. இதில் S சாச்சுரேஷன், e வாய்ட் ரேஷியோ, w ஈரப்பதம், G என்பது துகள் அதே கன அளவுத் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு எடை என்பது. ஈரப்பதம் 20 சதவீதம், G 2.7, வாய்ட் ரேஷியோ 0.6 என்றால் S 0.9 வரும். அதாவது வெற்றிடத்தில் 90 சதவீதம் தண்ணீர், மீதி காற்று. இந்த அத்தியாயத்துக்கு மூன்று கட்டம் போட்ட படம் ஒன்றை வரைந்து பழகினால் போதும். சமன்பாட்டை மனப்பாடம் செய்யாதீர்கள்.

இப்போது கேமராவைக் கீழே இறக்குகிறேன். கையால் பார்ப்போம். மணலைப் பிடித்துப் பிசைந்தால் உருண்டை நிற்கவில்லை. ஈரம் இருக்கிறவரை கொஞ்சம் நிற்கும், காய்ந்ததும் சரிந்துவிடும். 4.75 மில்லிமீட்டர் சல்லடைக்குள் விழுந்து, 75 மைக்ரான் சல்லடையில் தங்குவது எல்லாம் மணல். அதற்கும் கீழே போனால் வண்டல். 2 மைக்ரானுக்கும் கீழே போனால் களி. வண்டலையும் களியையும் கண்ணால் பிரிக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஈர மண்ணை உள்ளங்கையில் பரப்பிவைத்து, கையைப் பக்கவாட்டில் தட்டுங்கள். வண்டலாக இருந்தால் மேலே தண்ணீர் மினுமினுவென்று வரும். விரலால் அமுக்கினால் அந்த மினுமினுப்பு உள்ளே போய்விடும். களி அப்படிச் செய்யாது, எவ்வளவு தட்டினாலும் அப்படியே இருக்கும். காய்ந்த கட்டியை உடைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. வண்டல் கட்டி விரலுக்குள் பொடியாகும். இந்தக் கரிசல் கட்டியைப் பாருங்கள், இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்துகிறேன், அசையவில்லை. சைட்டுக்குப் போனால் லேப் வருவதற்கு முன்னால் உங்களுக்குத் துணை இந்தக் கைதான்.

அடுத்தது அட்டர்பெர்க் லிமிட்ஸ். ஸ்வீடன்காரர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911-இல் சொன்னது, அதைக் கருவியாக்கிக் கொடுத்தவர் ஆர்தர் காசக்ராண்டே. களிமண்ணில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் கட்டி, பிசையக்கூடிய மண், குழம்பு என்று நிலை மாறும். நிலை மாறுகிற அந்த எல்லையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளப்பதுதான் வேலை.

இதோ காசக்ராண்டே கருவி. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கிண்ணத்தில் பூசியிருக்கிறேன். நடுவில் கோடு கீறுகிறேன். கோட்டின் அடியகலம் 2 மில்லிமீட்டர். கைப்பிடியைச் சுற்றினால் கிண்ணம் 10 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும். விநாடிக்கு இரண்டு சுற்று. சத்தம் கேட்கிறதா? டக், டக், டக். கோட்டின் இரண்டு கரையும் அடியில் மெல்ல நெருங்கி வருவதைப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒட்டியதும் நிறுத்தி, எத்தனை அடி என்று குறித்துக்கொண்டு, அந்த மண்ணை அடுப்பில் காயவைத்து ஈரப்பதம் எடுக்க வேண்டும். ஈரத்தை மாற்றி மாற்றிச் செய்து கிராஃப் போட்டு, 25 அடிக்கு என்ன ஈரம் என்று படித்தால் அதுதான் லிக்விட் லிமிட், அதாவது மண் குழம்பாகிற எல்லை. கட்டி பிசையக்கூடிய மண்ணாகிற எல்லையான பிளாஸ்டிக் லிமிட்டுக்குக் கருவியே தேவையில்லை. மண்ணைக் கண்ணாடித் தகட்டில் உருட்டி நூலாக்குங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்போது வெடித்து நொறுங்கினால் அந்த ஈரம்தான் எல்லை. பரோட்டா மாவு இழுபடுகிற பதத்தில் இருந்தால் இன்னும் ஈரம் அதிகம் என்று அர்த்தம். மடித்து மறுபடி உருட்டுங்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ். உதாரணத்துக்கு ஒரு கரிசலுக்கு லிக்விட் லிமிட் 62, பிளாஸ்டிக் லிமிட் 26 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 36. களியையும் வண்டலையும் பிரிக்கிற கோடான ஏ-லைனின் சமன்பாட்டில் 62-ஐப் போட்டால், 0.73 பெருக்கல் (62 கழித்தல் 20), சுமார் 30.7. நம் மண் அதற்கு மேலே இருக்கிறது, லிக்விட் லிமிட்டும் 50-ஐத் தாண்டியிருக்கிறது. ஆகவே இது அதிக நெகிழ்வுள்ள களி. இந்த ஒரு வரி தெரிந்ததுமே அஸ்திவாரத்தைப் பற்றிய கவலை தொடங்கிவிட வேண்டும்.

கரிசல் தட்டை எடுப்போம். கோடையில் திருமங்கலம் பக்கத்துக் காட்டில் நடந்தால் வெடிப்புக்குள் கை நுழைகிற அளவுக்கு நிலம் பிளந்து கிடக்கும். ஐப்பசி மழை பெய்தால் அதே வெடிப்பு இருந்த இடம் தெரியாது. மான்ட்மோரில்லனைட் என்கிற களித் தாது இதற்குக் காரணம். அது அடுக்கடுக்கான மெல்லிய ஏடுகளால் ஆனது. ஏடுகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் ஏடுகள் விலகி மண் உப்பும், தண்ணீர் போனால் சுருங்கும்.

எவ்வளவு உப்பும் என்று பார்க்க எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு கண்ணாடி உருளைகளைப் பாருங்கள். இரண்டிலும் 425 மைக்ரானில் சலித்த காய்ந்த மண் பத்துப் பத்து கிராம் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விட்டிருக்கிறேன். மண்ணெண்ணெயில் மண் அப்படியே படிந்து கிடக்கிறது. தண்ணீரில் எவ்வளவு எழும்பி நிற்கிறது பாருங்கள். இரண்டு கன அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மண்ணெண்ணெய் அளவால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ். 50 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த இடத்தில் சாதாரண அஸ்திவாரம் போட யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மாணவர்கள் தலைகீழாக நினைக்கிறீர்கள். கரிசலில் கனமான கட்டடம்தான் கெட்டுப்போகும் என்று. அதிகம் வெடிப்பது ஒற்றை மாடி வீடும் காம்பவுண்டுச் சுவரும்தான். மண் உப்பும்போது மேல்நோக்கித் தள்ளுகிற அழுத்தத்தை அடக்க அந்தச் சின்ன வீட்டுக்கு எடை போதாது. அதிலும் வீட்டுக்கு அடியில் நடுப்பகுதி ஈரமாகவே இருக்க, சுற்றி வெயில் படுகிற ஓரம் மட்டும் காய்ந்து சுருங்கும். ஓரம் இறங்க, நடு நிற்க, சுவரில் சாய்வாகக் கோடு ஓடும். ஜன்னல் மூலையில் தொடங்கி விரிந்துகொண்டே போகிற அந்தக் கோட்டைப் பூச்சு வேலை செய்து மறைக்கிறார்கள். அடுத்த கோடையில் அது திரும்ப வருகிறது. கடன் வாங்கி வீடு கட்டிய ஒரு குடும்பம் வருஷா வருஷம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம். அந்த வீட்டுக்கு மண் சோதனை செய்ய ஆகியிருக்கும் செலவு, கட்டட மொத்தச் செலவில் மிகச் சின்னப் பங்கு.

தீர்வும் தண்ணீர்க் கணக்குதான். வருஷத்தில் ஈரம் ஏறி இறங்குகிற ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரத்தை இறக்க வேண்டும். ஆழமான கரிசலில் அது பெரும்பாலும் மூன்றரை மீட்டர் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்காக ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்ததுதான் அண்டர்-ரீம்டு பைல் என்கிற, மண்ணுக்குள் இறக்குகிற தூண் அஸ்திவாரம். தண்டைப் போல இரண்டரை மடங்கு விட்டத்தில் அடியில் ஒரு குமிழ் இருக்கும். மண் மேலே தள்ளினாலும் அந்தக் குமிழ் பிடித்து நிறுத்தும். அத்தோடு வீட்டைச் சுற்றி நல்ல அகலத்துக்குத் தளம் போட்டு, மழைத்தண்ணீர் சுவரோரம் நிற்காமல் வடியவைக்க வேண்டும்.

சரி, இப்போது வைகைக்கு வந்துவிட்டேன். காற்று அடிக்கிறது, கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேன். இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கார்ல் டெர்சாகி 1925-இல் வெளியிட்ட புத்தகத்தோடுதான் மண் இயக்கவியல் ஒரு தனித் துறையாக நின்றது. அவர் சொன்னது எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ். மொத்த அழுத்தத்திலிருந்து நீர் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்துகிற அழுத்தம். மண்ணின் பலமும் அமுங்கலும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

என் காலுக்குக் கீழே 4 மீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளி. தண்ணீர் சரியாக மணலின் மேல்மட்டம் வரை நிற்கிறது என்று வையுங்கள். ஈர மணலின் எடை கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், தண்ணீர் 10. மொத்த அழுத்தம் சதுர மீட்டருக்கு 80 கிலோநியூட்டன். நீர் அழுத்தம் 40. மிச்சம் 40. இப்போது ஆற்றில் 3 மீட்டர் உயரத்துக்கு வெள்ளம் வருகிறது. மொத்தம் 110. நீர் அழுத்தம் 70. மிச்சம்? அதே 40! தலைக்கு மேல் அவ்வளவு தண்ணீர் ஏறியும் அந்தத் துகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு நோட்டில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இதைத் திருப்பிப் போடுவோம். கோடையில் நீர்மட்டம் 4 மீட்டர் கீழே போய்விட்டது. மணல் உலர்ந்து எடை 17 ஆகிறது என்று வைத்தால் மொத்தம் 68, நீர் அழுத்தம் பூஜ்யம், மிச்சம் 68. மேலே ஒரு செங்கல்கூட ஏற்றவில்லை, துகள்களின் மேல் அழுத்தம் 40-லிருந்து 68-க்குப் போய்விட்டது. களிமண் அடுக்கு இருக்கிற இடத்தில் போர்வெல் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் நிலம் ஏன் அமுங்குகிறது என்று இனி யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. களியில் அது மெதுவாக நடக்கும், ஏனென்றால் தண்ணீர் வெளியேற வழி குறுகல். தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் அமுங்கி முடிய நான்கு மடங்கு காலம் ஆகும்.

இதே கணக்கைக் கண்மாய்க் கரைக்குக் கொண்டு போங்கள். நம் மாவட்டத்தில் கண்மாய் இல்லாத ஊர் கிடையாது, ஆனால் கல்லூரியில் கரைச்சரிவைப் படிக்கும்போது யாருக்கும் ஊர்க் கண்மாய் ஞாபகம் வருவதில்லை. கண்மாய் பெருகி நிற்கும்போது கரையின் உள்பக்கத்தைத் தண்ணீரே அணைத்துப் பிடித்திருக்கிறது. மடையைத் திறந்து வேகமாக வடித்தால் வெளியே தண்ணீர் போய்விடும், கரை மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் உடனே போகாது. தாங்கிப் பிடித்தது போய்விட்டது, உள்ளே நீர் அழுத்தம் அப்படியே நிற்கிறது, துகள்களின் பிடிப்பு குறைந்திருக்கிறது. அப்போதுதான் உள்சரிவு சரியும். பெருகி நின்றபோது நின்ற கரை வற்றும்போது விழுவது இதனால்தான்.

கரையின் வெளிப்பக்க அடியில் கசிவு வந்தால் அதைக் கையில் அள்ளிப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. கலங்கலாக, மண்ணோடு வந்தால் கரைக்குள் பொந்து விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல்நோக்கி வரும் நீரோட்டத்தின் சரிவு (G-1)/(1+e) என்ற அளவைத் தொட்டால் துகள்கள் எடை இழந்து மிதக்கத் தொடங்கும். G 2.67, e 0.67 என்றால் அது சரியாக 1. ஊர்க்காரர்கள் அந்த இடத்தைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைக் கொஞ்சம் தேங்கவைப்பார்கள். அதனால் நீர்மட்ட வித்தியாசம் குறைந்து, சரிவும் குறைகிறது. ஃபார்முலா படிக்காமலே சரியான வேலையைச் செய்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பேசுங்கள், நிறைய கிடைக்கும்.

கடைசியாக கம்பாக்‌ஷன், அதாவது மண்ணை அடித்து இறுக்குவது, ஏனென்றால் வேலைக்குப் போன முதல் மாதமே உங்களை நிறுத்துவது இங்கேதான். அமெரிக்கப் பொறியாளர் ப்ராக்டர் 1933-இல் கண்டு சொன்னது. ஒரே அளவு அடி கொடுத்தாலும் ஈரத்தைப் பொறுத்து அடர்த்தி ஏறி, ஒரு உச்சிக்குப் போய், பிறகு இறங்கும். ஈரம் குறைவாக இருந்தால் துகள் நகர மறுக்கும், அதிகமானால் தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். லேபில் 1000 கன சென்டிமீட்டர் அச்சு, 2.6 கிலோ சுத்தி, 310 மில்லிமீட்டர் உயரம், மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 அடி. சைட்டில் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி, மேலே டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டு, ரோலரை இரண்டு தடவை ஓட்டிவிட்டு, முடிந்தது சார் என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். அடுக்கு எவ்வளவு தடிமன் என்று குச்சி வைத்து அளந்து பாருங்கள். களி மிகுந்த மண்ணாக இருந்தால், குழாய் போல மண்ணை வெட்டி எடுக்கிற கோர் கட்டரை இறக்குங்கள். கிராவலில் கல் இருக்கும், கட்டர் இறங்காது. அங்கே சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, குழியை அடர்த்தி தெரிந்த மணலால் நிரப்பிக் கன அளவு கண்டுபிடிக்கிற முறைதான் சரி. ஈரத்தைக் கழித்து உலர் அடர்த்தியை எடுத்து, லேப் உச்சியில் ஒப்பந்தம் கேட்கிற சதவீதம், வழக்கமாக 95 அல்லது அதற்கு மேல், வந்திருக்கிறதா என்று பார்த்தபிறகே அடுத்த அடுக்குக்கு அனுமதி கொடுங்கள்.

அடுத்த வீடியோவில், மண்ணின் வெட்டு வலிமையை அளக்கிற டைரக்ட் ஷியர் பெட்டியை எடுத்து வருகிறேன். அதற்குள் ஊரில் இருப்பவர்கள் உங்கள் கண்மாய்க் கரை மண்ணில் ஒரு கட்டி எடுத்துக் காயவைத்து, உடைத்துப் பார்த்து, உள்ளங்கையில் தட்டிப் பார்த்து, வண்டலா களியா என்று கமெண்டில் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் போடுங்கள்.