16எஸ் ஒன்றுதான், குணம் வேறு

வணக்கம் மக்களே. சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாயை ஒட்டின வரப்பில் நின்றுதான் பேசுகிறேன், மைக்கில் காற்று அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிகிறது பிசான நெல். இலைச்சுருட்டுப் புழு விழுந்தால் பி.டி. என்று ஒரு மருந்து அடிப்பார்கள் இல்லையா, அது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற பாக்டீரியா. வடித்த சோற்றை நாள் முழுக்க வெளியிலேயே வைத்துவிட்டு அப்புறம் சூடாக்கிச் சாப்பிட்டால் வாந்தி வருகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் பேசில்லஸ் சீரியஸ். மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோய், அது பேசில்லஸ் ஆந்த்ராசிஸ்.

ஒரு பாக்டீரியாவுக்குப் பேர் கண்டுபிடிக்க லேப்பில் வழக்கமாகப் படிக்கிற ஜீன் 16எஸ் ஆர்ஆர்என்ஏ. இந்த மூன்றின் 16எஸ் ஜீனையும் வரிசைப்படுத்திப் பாருங்கள், ஏறக்குறைய 1,500 டிஎன்ஏ எழுத்து, கிட்டத்தட்ட ஒன்றேதான்.

புரதம் தயாரிக்கிற ரைபோசோமுக்குள் உட்காருகிற ஆர்என்ஏவை இந்த ஜீன்தான் தருகிறது, அது கெட்டால் செல்லே செத்துப்போகும் என்பதால் ரொம்ப மெதுவாகத்தான் மாறும். 1977இல் கார்ல் வூசும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பார்க்க பாக்டீரியா மாதிரியே இருக்கும் ஆர்க்கியா என்கிற நுண்ணுயிர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்ததே இந்த ஆர்என்ஏவை ஒப்பிட்டுத்தான். தூரத்துச் சொந்தத்தைப் பிரிக்க அருமையான ஜீன், பங்காளிகளைப் பிரிக்கச் சொன்னால் திணறும். நம்ம ஊர்த் தெருவில் நின்று 'இசக்கி' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்களே, 16எஸ் ரிப்போர்ட்டில் வரும் பேரும் அப்படித்தான். இந்த மூன்றின் குணமோ பெரும்பாலும் பிளாஸ்மிட் என்கிற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது: புழுவைக் கொல்லும் படிகப் புரதம், வாந்தி விஷம், அடைப்பான் நஞ்சு எல்லாமே. 16எஸ்ஸை எத்தனை தடவை படித்தாலும் அது தெரியாது.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பாக்டீரியாவில் இந்த ஜீன் ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நம்ம குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவில் 7 பிரதி, மண்ணில் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸில் வழக்கமாக 10. பிரதிகள் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்ளும், அதனால் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனாலும் அங்கங்கே ஒரு எழுத்து வேறாக இருக்கும். ஜீனைப் படித்து வருகிற சீக்வென்சிங் படத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முகடாகத் தெரியும். ஒரே இடத்தில் இரண்டு முகடு தெரிந்தால், கல்ச்சரில், அதாவது தட்டில் வளர்த்த பாக்டீரியாவில், கலப்படம் என்று உடனே தட்டைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார்கள், பாவம். சுத்தமான கல்ச்சராகவே இருக்கலாம். தாமிரபரணித் தண்ணீரில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு என்று 16எஸ் வைத்து எண்ணினாலும் இதே வம்புதான், பத்துப் பிரதி உள்ளது பத்து மடங்காகத் தெரியும்.

காசநோய்க் கிருமியிடம் பிரதி ஒன்றே ஒன்று. அதில் 1401ஆம் இடத்து ஏ, ஜி ஆக மாறிவிட்டால் அமிகாசின், கனாமைசின் என்கிற மருந்துகள் கேட்காது. ஈ.கோலையில் ஒரு பிரதி மாறினாலும் மற்ற ஆறும் மருந்துக்கு மாட்டுகிற ரைபோசோமைச் செய்துகொண்டே இருக்கும், அதனால் எதிர்ப்பு லேசில் வெளியே தெரியாது. ஒரு எழுத்து, அவ்வளவுதான், நோயாளிக்கு மருந்தையே மாற்ற வேண்டியதாகிவிடுகிறது.

அப்போ ஸ்ட்ரெயினை, அதாவது ஒரே இனத்துக்குள் இருக்கிற தனித்தனி வகையை, பிரிக்க என்ன செய்வது? 16எஸ் ஜீனுக்கும், ரைபோசோமுக்கு இன்னொரு ஆர்என்ஏ தருகிற 23எஸ் ஜீனுக்கும் நடுவில் ஒரு இடைப்பகுதி உண்டு, பேர் ஐடிஎஸ், அது வேகமாக மாறும், நீளமே கூட வித்தியாசப்படும். டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்கிற ஜைரேஸ் என்கிற நொதியின் ஜீனையும் சேர்த்துப் பார்க்கலாம். கையில் காசு இருந்தால் முழு ஜீனோமே படித்துவிடலாம், பிளாஸ்மிட்டும் அதிலேயே தெரிந்துவிடும். புராஜெக்ட் செய்கிற தம்பி தங்கச்சிகளே, 'தொண்ணூற்றொன்பது சதவீதம் ஒத்துப்போச்சு, ஆகவே இந்த ஸ்ட்ரெயின்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், வைவாவில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.