தாய்மார்களுக்கு வைக்கப்பட்ட தேர்வு

நேயர்களுக்கு வணக்கம். தொண்டு நிறுவனம் என்றதும் அரிசி மூட்டையும் கூடாரமும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது எந்தப் பொருளும் கொடுக்காமல், ஒரு செய்முறையை மட்டும் கற்றுக்கொடுத்த பணியைப் பற்றி.

வங்கதேசத்து 'பிராக்' நிறுவனத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிய அகதிகளுக்கு உதவ, 1972-இல் சுல்லா என்ற பகுதியில் பசலே ஹசன் ஆபேத் தொடங்கியது. பின்னாளில் ஆப்கானிஸ்தான், ஆப்பிரிக்கா வரை போனது. அதன் பணிகளில் என்னை மிகவும் கவர்ந்தது 1980-இல் நாடு தழுவித் தொடங்கிய வயிற்றுப்போக்குத் திட்டம்.

வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது உடலில் நீர் வற்றிப்போவதுதான். கிராமத்தில் ஆஸ்பத்திரி ஏது, டிரிப் ஏது? மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்து, வற்றிய நீரை ஈடுகட்டும் கரைசல் இதுதான். இதைக் கலக்கப் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே, அந்தத் தாயின் கையாலேயே கலக்க வைத்தார்கள்.

இதில் பெரிய விஷயம் சம்பளம். எத்தனை வீடு ஏறி இறங்கினோம் என்பதற்குக் கூலி கிடையாது. சில வாரம் கழித்து வேறொருவர் வருவார். சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, சொல்லிக்கொடுத்த 10 குறிப்புகளில் தாய்க்கு எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார், கலந்தும் காட்டச் சொல்வார். தாய் வாங்கும் மதிப்பெண்தான் ஊழியரின் ஊதியம். உதவிப் பணியில் இவ்வளவு நேர்மையான கணக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அப்படியும் முதலில் தடுமாற்றம்தான். தாய்மார்கள் நன்றாகப் பதில் சொன்னார்கள். ஆனால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கலந்து கொடுத்தவர்கள் குறைவு. விசாரித்தால், சில ஊழியர்களுக்கே கரைசல்மேல் நம்பிக்கை இல்லை! அவர்களை டாக்காவின் ஆய்வு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், குழந்தைகள் பிழைப்பதைக் கண்ணால் காட்டினார்கள். வீட்டு ஆண்களிடமும் பேசத் தொடங்கினார்கள். 1990-இல் முடிப்பதற்குள் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் போய்விட்டார்கள்.

நேயர்களே, கைக்கணக்கில் உப்பு கூடினால் ஆபத்து. இன்று இந்தக் கரைசலுக்கான பொடி, சரியான அளவில் கலந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதையே வாங்கி, உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் கொடுங்கள். கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வணக்கம்.