9க்கு 10 அடி பெட்ரூம்ல எந்தக் கட்டில்? டிராயரா, ஹைட்ராலிக்கா, சுவர்ல மடக்கறதா?

வணக்கங்க. இந்த வாரம் ஒரு சகோதரியோட கேள்வி. அப்படியே படிச்சிடறேன். "அண்ணா, எங்க பெட்ரூம் 9 அடிக்கு 10 அடி. நானும் வீட்டுக்காரரும் நாலு வயசுப் பையனும் படுக்கறோம். ஒரு பீரோ இருக்கு, அதை வெளிய எடுக்க முடியாது. போர்வை, தலகாணி, பழைய துணி வைக்க வேற இடமில்ல. இடத்தை அடைக்காத கட்டிலா வாங்கணும். டிராயர் வெச்சதா, மேல தூக்கற ஹைட்ராலிக்கா, சுவர்ல மடக்கறதா, எதுண்ணா சரிப்படும்?"

அளவு போட்டுக் கேட்டிருக்கீங்கம்மா, ரொம்ப சந்தோஷம். வெறும் "சின்ன ரூம்"னு எழுதினா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.

கட்டில் சும்மா கிடக்கும்போது எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு எல்லாரும் பாக்கறோம். அதை இழுக்கும்போது, தூக்கும்போது, மடக்கும்போது எவ்வளவு இடம் வேணும்னு பாக்க மாட்டேங்கறோம். சின்ன ரூம்ல இந்த ரெண்டாவது கணக்குதான் காலை வாரும். உங்க ரூமை வெச்சே போட்டுப் பாத்துடலாம்.

மூணு பேர்னா குறைஞ்சது குயீன் மெத்தை வேணும். அஞ்சு அடி அகலம், ஆறரை அடி நீளம். ஆனா அது மெத்தையோட அளவு, கட்டிலோட அளவு இல்ல. சுத்தி சட்டம் வருது, தலைமாட்டுப் பலகை வருது. எல்லாம் சேத்தா நீளம் 7 அடி, அகலம் அஞ்சேகால் அடின்னு வெச்சுக்கங்க. தலைமாட்டுல குஷன் வெச்சுத் தெச்சிருந்தா அது மட்டுமே இன்னும் நாலு இன்ச், ஆறு இன்ச் தின்னுடும். பத்தடி ரூம்ல ஆறு இன்ச்ங்கறது பீரோ கதவு முழுசா திறக்குதா, பாதியில முட்டுதாங்கற வித்தியாசம். அதனால உங்களுக்குக் குஷன் தலைமாடு வேண்டாம்மா. ஒத்தைப் பலகை போதும்.

இப்ப தலைமாட்டை 9 அடி சுவர்ல வைங்க. நீளவாட்டுல 10 அடியில 7 போனா கால்மாட்டுல 3 அடி மிச்சம். அகலவாட்டுல 9 அடியில அஞ்சேகால் போனா மூணே முக்கால் அடி மிச்சம். கட்டிலை நடுவுல போட்டா இந்த மூணே முக்கால் ரெண்டாப் பிரிஞ்சு பக்கத்துக்கு ரெண்டு அடிகூட வராது. ஒரு ஆள் இடிச்சுக்காம நடக்கவே ரெண்டு அடி வேணும், ரெண்டரை இருந்தா நல்லது. அப்ப ரெண்டு பக்கமும் வீணாப் போகுது. அதனால கட்டிலை ஒரு பக்கச் சுவரோட ஒட்டிப் போடுங்க, மூணே முக்கால் அடியும் ஒரே பக்கமா சேந்து கிடைக்கும். சுவரோரம் படுக்கறவங்க ராத்திரி எழுந்தா கால்மாட்டு வழியாத்தான் இறங்கணும், அது ஒரு சிரமம்தான். அதுக்காகக் கால்மாட்டுப் பலகை மெத்தைக்கு மேல எழும்பாத கட்டிலாப் பாருங்க.

குழந்தை இருக்கறதால ஒண்ணை அழுத்திச் சொல்றேன். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவுல சந்து இருக்கவே கூடாது. தூக்கத்துல உருண்டு அந்தச் சந்துல பிள்ளை சிக்கிக்கும். கட்டில் நாளாவட்டத்துல நகரும், பெருக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பாத்து நெருக்கி விடுங்க.

அடுத்தது பீரோ. அதைக் கட்டிலுக்கு நேர் எதிர்ல கால்மாட்டுச் சுவர்ல வைக்காதீங்க. பீரோ ஆழம் ஒண்ணே முக்கால் அடி போனா அங்க ஒண்ணேகால் அடிதான் மிஞ்சும், கதவு கட்டில்ல முட்டி நிக்கும். கட்டில் ஒட்டாத அந்தப் பக்கச் சுவர்லயே, கால்மாட்டு மூலையில வைங்க. அப்ப பீரோ கதவு அந்த 3 அடிப் பாதையைப் பாத்துத் திறக்கும். முன்னாடி நிக்க, குனிய, கீழ்த்தட்டுல இருந்து எடுக்க தாராளமா இடம் இருக்கும்.

சரி, கட்டிலுக்கு வரேன். டிராயர் வெச்சது கடையில பாக்க அழகா இருக்கும், விரலால இழுத்தா வழுக்கிட்டு வரும். ஆனா டிராயர் ரெண்டு அடி வெளிய வரும், அதுக்கு முன்னாடி நீங்க உக்காரணும். உங்களுக்கு ஒரு பக்கம் சுவர், அங்க டிராயரே வைக்க முடியாது. இருக்கற ஒரு பக்கத்துல ரெண்டு அடி ஆழத்துக்கு டிராயர் வெச்சா, கட்டிலுக்கு அடியில மீதி மூணு அடி கை எட்டாத இருட்டுதான். பாதிக்கு மேல வீண். உங்க ரூமுக்கு இது வேண்டாம்னே சொல்வேன்.

சுவர்ல மடக்கறது நல்ல ஏற்பாடுதான். போன நூற்றாண்டோட ஆரம்பத்துல சான் ஃபிரான்சிஸ்கோவுல வில்லியம் மர்ஃபின்னு ஒருத்தர் இதுக்குக் காப்புரிமை வாங்கி வித்தார், அதனால இன்னைக்கும் மர்ஃபி பெட்னு ஒரு பேர் இருக்கு. படுக்கற ரூமே பகல்ல ஆபீஸ் ரூம்னா இதை அடிச்சுக்க முடியாது. ஆனா விரிக்கறப்ப முன்னாடி 7 அடி காலியா இருக்கணும், அந்த இடத்துல ஒரு நாற்காலி கூட நிக்கக் கூடாது. கட்டில் சாஞ்சு விழாம சுவர்ல இறுக்கிப் பிடிக்கறதால செங்கல் சுவரோ கான்கிரீட்டோ இருந்தா நல்லது, வெறும் தடுப்புப் பலகைச் சுவரை நம்பக் கூடாது. வாடகை வீடுன்னா சுவர்ல துளை போட ஓனர் விடணும். எல்லாத்துக்கும் மேல, தினமும் காலையில மூணு பேர் போர்வை தலகாணியை எடுத்து வெச்சுட்டு மடக்குவீங்களா? மடக்காம விட்டா அது சாதாக் கட்டில்தான், உள்ள சாமான் வைக்கவும் இடம் கிடையாது.

ஆக உங்களுக்கு மேல தூக்கற ஹைட்ராலிக்தான் சரி. கால்மாட்டுல இருந்து தூக்கற மாதிரி வாங்குங்க. அங்க 3 அடி இருக்கு, நின்னு தூக்கலாம். சுவரோரச் சாமான் உட்பட மொத்த அடிப்பெட்டியும் கைக்கு எட்டும்.

வாங்கும்போது பாக்க வேண்டியது, மெத்தை இருக்கற தட்டை ரெண்டு பக்கமும் தள்ளித் தூக்கற அந்த ரெண்டு குழாய். ஹைட்ராலிக்னு பேர் வந்துடுச்சு, ஆனா உள்ள தூக்கறது அழுத்தி அடைச்ச நைட்ரஜன் வாயு. குழாய் மேலயே 800, 1000, 1200ன்னு நியூட்டன் கணக்குல எண் போட்டிருப்பாங்க. 1000 நியூட்டன்னா கிட்டத்தட்ட 100 கிலோ தள்ளுற பலம். கீலுக்குப் பக்கத்துல இருந்து தள்றதால கால்மாட்டுல நம்ம கைக்கு அவ்வளவும் கிடைக்காது. அந்த எண் உங்க மெத்தை எடைக்குப் பொருந்தணும். பலம் கம்மியா இருந்தா தூக்கவும் கனக்கும், மேல நிக்கவும் செய்யாது. அதிகமா இருந்தா மூடவே மூடாது, மேல ஏறி உக்காந்து அமுக்கணும்.

நானே ஒரு வீட்டுல பாத்தேன். கட்டில் செஞ்சு கொடுத்தப்ப லேசான ஃபோம் மெத்தை. ரெண்டு வருஷம் கழிச்சு லேடெக்ஸ் மெத்தைக்கு மாத்தியிருக்காங்க, அது நல்ல கனம். அந்தம்மா ஒரு கையால தட்டைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு மறு கையால போர்வை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அன்னைக்கே கழட்டி வேற குழாய் போட்டுட்டுத்தான் வந்தேன். அதனால மெத்தையை முதல்ல முடிவு பண்ணுங்க, அதைக் கட்டில் மேல போட்டுத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. பாதி வரைக்கும் உங்க கை தூக்கணும், அதுக்கு மேல அதுவா மெதுவாப் போய் நிக்கணும். பையன் இருக்கான், அதனால மேல நிறுத்திப் பிடிக்கற லாக் இருக்கறதா வாங்குங்க. தட்டு திறந்திருக்கும்போது அவன் அந்த ரூம்லயே இருக்க வேண்டாம். போகப் போக வாயு குறையும், தட்டு கீழ சரிய ஆரம்பிச்சா ரெண்டு குழாயையும் சேத்தே மாத்திடுங்க.

குழாய்க்கு அடுத்தது மரம். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செஞ்ச பார்ட்டிகிள் போர்டுல கீல் ஸ்க்ரூ கொஞ்ச நாள்ல ஆட ஆரம்பிச்சுடும், ஏன்னா ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் மொத்த இழுவையும் அந்த நாலு ஸ்க்ரூ மேலதான். பிளைவுட் கேளுங்க, இல்லேன்னா இரும்புச் சட்டம். தட்டுல காத்துத் துளை இருக்கா பாருங்க. ராத்திரி வேர்வை மெத்தைக்குள்ள இறங்கும், கீழ மூடின பெட்டியா இருந்தா மெத்தை அடியில பூஞ்சை பிடிச்சு ஒரு புழுங்கின வாடை வரும். துளை இருந்தாலும் வாரம் ஒரு தடவை தூக்கி அரை மணி நேரம் காத்தாட விடுங்க.

பையனுக்குத் தனிப்படுக்கை வேணும்னு தோணினா, பெரிய கட்டிலுக்கு அடியில இருந்து இழுக்கற குட்டிக் கட்டில் இருக்கு. ரெண்டரை அடி அகலம்னா உங்க மூணே முக்கால் அடியில இழுத்து விரிக்கலாம். ஆனா அடியில சாமான் வைக்க முடியாது, ரெண்டுல ஒண்ணுதான். மாடிக் கட்டில் இப்ப வேண்டவே வேண்டாம். 6 வயசு ஆகாத பிள்ளையை மேல்தட்டுல படுக்க வைக்கக் கூடாது. அதுக்கப்புறம் வாங்கினாலும் தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேல 5 இன்ச்சாவது எழும்பி நிக்கணும், மின்விசிறி கை எட்டற தூரத்துல இருக்கவே கூடாது.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு சாக்பீஸ் எடுங்க. தரையில 7 அடிக்கு அஞ்சேகால் அடி கோடு போடுங்க, பீரோவையும் நான் சொன்ன மூலைக்குத் தள்ளிடுங்க. ரெண்டு நாள் அந்தக் கோட்டுக்குள்ள கால் வைக்காம நடமாடிப் பாருங்க. பீரோவைத் திறங்க, துணி மடிங்க, ராத்திரி விளக்கை அணைச்சுட்டு பாத்ரூம் போய்ட்டு வாங்க. எங்க இடிக்குதுன்னு உங்க முட்டியே சொல்லிடும். அப்படியே மாடிப்படித் திருப்பத்தையும் ரூம் கதவு அகலத்தையும் அளந்துடுங்க, கழட்டிப் பூட்டற கட்டிலா இல்லேன்னா உள்ளயே வராது.

ஒண்ணு மட்டும் நீங்க எழுதலைம்மா. ரூம் கதவு எந்தச் சுவர்ல இருக்கு, உள்பக்கமாத் திறக்குதா வெளிப்பக்கமா? நான் பீரோ வைக்கச் சொன்ன மூலையிலயே கதவு இருந்தா, கட்டிலை எந்தச் சுவரோட ஒட்டணும்ங்கறதே மாறிடும். ஜன்னல் இருக்கற இடத்தையும் சேத்து ஒரு பேப்பர்ல வரைஞ்சு அனுப்புங்க, அடுத்த வாரம் உங்க படத்தை வெச்சே கோடு போட்டுக் காட்டறேன்.