விரலில் வகிடு இல்லாத பல்லி

நேயர்களுக்கு வணக்கம்.

பல்லி தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் இன்னொரு பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். விழுந்தது எந்தப் பல்லி என்று மட்டும் பஞ்சாங்கம் கேட்பதில்லை. நமக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. அதைக் கேட்ட சிலருடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஈரம் காயாத காடுகளில், ஒரு பழுப்புநிறப் பல்லி உண்டு. மரப்பட்டையில் இருக்கும், மலை ஊர்களின் கட்டடச் சுவர்களிலும் இருக்கும். இரவில்தான் நடமாட்டம். 1875இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் குந்தர் இதை விவரித்து, ஆனைமலையை நினைவுபடுத்தும் விதமாக 'அனமல்லென்சிஸ்' என்று பெயரிட்டார். 1933இல் மால்கம் ஸ்மித் என்ற ஊர்வன ஆய்வாளர் இதற்கென்றே 'திராவிடோகெக்கோ' என்ற தனிப் பேரினத்தை (நெருங்கிய உறவுள்ள இனங்களை ஒன்றாக வைக்கும் தொகுப்பை) உருவாக்கினார். பேரினத்தில் இருந்தது இந்த ஒரே இனம்தான்.

ஒரு பல்லிக்கு எதற்குத் தனிப் பேரினம்? விரலைப் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பல்லியின் விரலுக்கு அடியில் படிக்கட்டு போலச் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். பெரும்பாலான தகடுகள் இரண்டாகப் பிரிந்திருக்கும், நடுவில் வகிடு எடுத்தாற்போல. இந்த மலைப் பல்லிக்கு அந்த வகிடு கிடையாது. தகடுகள் முழுசாக இருக்கும்.

இவ்வளவு சின்ன வித்தியாசமா என்று கேட்பீர்கள். 1995இல் இரண்டு ஆய்வாளர்களுக்கும் அதே சந்தேகம்தான். உடலமைப்பை ஒப்பிட்டுப் பார்த்து, இதுவும் வீட்டுப் பல்லியின் பேரினத்தைச் சேர்ந்ததே என்று அதில் சேர்த்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளித்தோற்றம் அப்படித்தான் நினைக்க வைக்கும். அப்புறம் 2013இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டார்கள். இது வீட்டுப் பல்லிக் கூட்டத்துக்கு உள்ளே வரவில்லை, பக்கத்தில் தனிக் கிளையாக நின்றது. இரண்டும் பிரிந்து ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். ஸ்மித் வைத்த பெயர் மறுபடி உயிர்பெற்றது.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் வடக்கே வயநாட்டுப் பக்கம் கிடைப்பதும் தெற்கே திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடி மலையில் கிடைப்பதும் ஒரே பல்லிதானா என்று யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எண்ணுவது என்றால் சும்மா இல்லை. ஆண் பல்லிக்கு ஒரு தொடையிலிருந்து மறு தொடை வரை ஊசி குத்தினாற்போல வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றை உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. தாடைக்கு அடியில் உள்ள செதில்களின் அமைப்பு, முதுகுச் செதில்களின் அளவு என்று இதே வேலை ஒரு மலைக்கு அல்ல, மலை மலையாக. மரபணு ஆய்வு என்றால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இந்த எண்ணும் வேலையைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். என்னைக் கேட்டால், பல்லி ஆராய்ச்சியில் பாதி இந்தப் பொறுமைதான்.

2019இல் முடிவு வெளியானது. ஒன்று என்று 144 ஆண்டுகளாக நினைத்திருந்தது, ஏழு! ஆறு புதிய இனங்கள். மலைகளின் அமைப்பைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் குறைந்துவிடும். குளிர்ந்த ஈரக் காட்டுக்குப் பழகிய பிராணி, வெயில் காயும் பாலக்காட்டுக் கணவாயையோ செங்கோட்டைக் கணவாயையோ எப்படித் தாண்டும்? மேகமலையில் இருந்தது மேகமலையிலேயே தங்கிவிட்டது. கடல் நடுவே தீவு மாதிரி ஒவ்வொரு மலையும்.

மேகமலைப் பல்லிக்கு அந்த மலையின் பெயரே கிடைத்தது. இன்னொன்று ஸ்மித்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. எனக்குப் பிடித்தது கொடைக்கானல் பல்லியின் பெயர்: 'தொல்பல்லி'. தொல்காப்பியத்தில் வரும் அதே தொல். இலத்தீன் கோலோச்சும் இடத்தில் பழந்தமிழ்ச் சொல் ஒன்று மாறாமல் போய் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து கோடி ஆண்டுப் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைப்பது?

சரி, பெயர் வைத்தாகிவிட்டது. பெயருக்குப் பின்னால் இருக்கும் தகவலோ பெரும்பாலும் செதில் கணக்கும் துளைக் கணக்கும்தான். எதைத் தின்கிறது, எத்தனை நாளில் முட்டை பொரிகிறது, தேயிலைத் தோட்டத்துக்குள் பிழைக்குமா என்றெல்லாம் பார்க்க ஆய்வகம் போதாது. அந்தந்த மலையில் இருப்பவர் இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

கொடைக்கானலில் தங்குகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பிடிக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். இரவில் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பல்லி ஒட்டியிருந்தால், உள்ளிருந்து அதன் விரலடியைப் பாருங்கள். வகிடு இருந்தால் வீட்டுப் பல்லி வகையறா. இல்லையென்றால், பெரும்பாலும் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது தொல்பல்லி.

வணக்கம்.